வெள்ளத்தில் திறக்கும் கதவு

மட்டக்களப்பு நகரிலிருந்து வாழைச்சேனை நோக்கி வடக்கே செல்லும் பெருவீதியில், ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, மாவடிவேம்பு என்னும் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் சென்றால் சித்தாண்டியை அடையலாம். சித்தர் ஒருவர் ஆண்டிக் கோலத்தில் வந்து தங்கிய இடமாதலின் இப்பெயர் வந்தது என்பது ஊரார் பரம்பரையாகச் சொல்லிவரும் காரணம். சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் ஆவணித் திருவிழாவைக் காண வரும் யாத்திரிகர் பலருக்கு ஊரின் கீர்த்தி அக்கோயிலோடு முடிந்துவிடுகிறது. கோயில் வாசலில் நின்று மேற்கே திரும்பி நடப்பவர் சிலரே. அப்படி நடந்தால், வீடுகளும் வளவுகளும் முடிந்த இடத்தில் ஆறும், ஆற்றுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தொடங்குகின்றன. இவ்வூரின் சரித்திரத்தில் பெரும்பகுதி அந்த வயலிலேதான் நடந்தது என்பது என் அபிப்பிராயம்.

மேற்கேயுள்ள காடுகளிலிருந்து இறங்கிவரும் முந்தனையாற்று நீரும் சந்தனமடு ஆற்று நீரும் வாவியை நாடிச் செல்லும் வழியில் இவ்வூரின் புறத்தே பெருகிப் பரவுவதால், ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்றுத் திரும்பியது முதல் தை மாதம் வரை, பாதை எது, வயல் எது, ஆறு எது என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும் நாட்கள் பெரும்பாலான ஆண்டுகளில் சில உண்டு. ஈரளக்குளம், பெருமாவெளி முதலிய மேற்குப்புறத்து வெளிகளுக்குச் செல்வோர் அந்நாட்களில் தோணியை நம்பியே இருப்பர். சில ஆண்டுகளில் வெள்ளம் இந்த வழக்கமான எல்லையையும் கடந்துவிடும். 1957 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளத்தையும், 1978 நவம்பர் 23 ஆம் நாள் அடித்த சூறாவளியையும் மூத்தோர் தத்தம் பிள்ளைகள் பிறந்த கணக்கோடு சேர்த்து நினைவுகூர்வர். 2011 ஜனவரியில் கிழக்கிலங்கை முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை அலைக்கழித்த வெள்ளமோ இளையோருக்கும் நினைவிலிருப்பது.

அத்தகைய வெள்ளமொன்று வடிந்த சில நாட்களின் பின், ஆற்றங்கரையை அடுத்த வயல் வரவையொன்றில், முழங்காலளவு சேற்றில் நின்றுகொண்டிருந்த முதியவர் ஒருவரை யான் கண்டேன். பயிர் முளைத்து ஒரு மாதமிருக்கும்; சேறு பூசிய தாள்கள் யாவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மண்ணோடு ஒட்டிக்கிடந்தன. அவர் ஒரு நாற்றைப் பிடித்து, இலையிலிருந்த சேற்றைப் பெருவிரலால் வழித்தெறிந்துவிட்டு, நடுக்குருத்தை இரண்டு விரலால் பற்றி மெல்ல மேல்நோக்கி இழுத்தார். குருத்து தனியே கழன்று கையோடு வந்தது. அதன் அடி கபில நிறமாக அழுகி, நாற்றமடித்தது. இரண்டடி தள்ளி இன்னொன்றை அவ்வாறே இழுத்தபோது அது வரவில்லை. "மேலால பச்சையப் பாக்காதீங்க தம்பி, அடியப் பாருங்க. குருத்து நிண்டா வேளாண்மை நிக்கும்" என்றார். பிறகு, கேட்காமலே, "அந்தக் காலத்து நெல்லு தண்ணிக்குள்ள மூச்சடக்கிக் கிடக்கும். இப்பத்தய நெல்லு எழும்பித் தலைய நீட்டப் பாத்தே செத்துப்போகுது" என்றும் சொன்னார். அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிய சங்கதியை விஞ்ஞானிகள் நிரூபித்து முடிக்க எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பதைப் பின்னர் படித்தறிந்தபோது, அம்முதியவரின் பெயரையாவது அன்று கேட்டுவைக்காமற் போனேனே என்று யான் வருந்தியதுண்டு.

மட்டக்களப்பு நாட்டில் வேளாண்மை என்ற சொல் தொழிலை மட்டுமன்றி, வயலில் நிற்கும் நெற்பயிரையும் குறிக்கும். வேளாண்மை சாய்ந்துவிட்டது என்பார்கள், வேளாண்மைக்குள் மாடு பூந்துவிட்டது என்பார்கள், மாசி பங்குனியில் வேளாண்மை வெட்டப் போவார்கள். நிலத்துக்குரியவர் போடியார், அவருக்காக வயலைப் பொறுப்பேற்று நடத்துபவர் முல்லைக்காரர், பலருடைய வயல்கள் சேர்ந்த வெளி வட்டை, வட்டையின் நீர்ப்பங்கீட்டையும் வேலியையும் காவலையும் கவனிப்பவர் வட்டைவிதானை. நாற்றுநடுகை இங்கே அருமை. புழுதியிலோ சேற்றிலோ வீசி விதைப்பதே வழக்கமாதலால், விதைத்த நெல் முதல் மாரியின் பெருக்கைத் தன் இளமையிலேயே எதிர்கொண்டாகவேண்டும். எந்தப் பள்ளக்காணிக்கு எந்த நெல், எந்த மேட்டுக்காணிக்கு எந்த நெல் என்ற தீர்மானம் ஆகவே ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோற்றைத் தீர்மானிப்பதாயிருந்தது. பச்சைப்பெருமாள், சீனட்டி, வெள்ளை இளங்கலையன், முருங்கைக்காயன் என்றெல்லாம் மனிதருக்கும் தெய்வத்துக்கும் வைப்பதுபோல் நெல்லுக்குப் பெயர்வைத்து அழைத்த இலங்கையின் பழைய பட்டியல்களைப் பார்க்குந்தோறும், அப்பெயர்கள் அலங்காரத்துக்கு வைத்தவையல்ல, ஒவ்வொரு நெல்லின் சுபாவத்தையும் அறிந்தவர்கள் அதைக் கூப்பிட வைத்தவை என்றே எனக்குத் தோன்றும்.

சூடு மிதிக்கும் களவெட்டியில் இப்பெயர்களும் அந்நாளில் வாய்க்கு வரலாகாதிருந்தன. அறுத்த கதிரைச் சூடுவைத்து, எருதுகளைப் பிணைத்துச் சூடு மிதித்த இரவுகளில், நெல்லை நெல் என்று சொல்வது அங்கே குற்றமாயிருந்தது. பொலி என்றே சொல்லவேண்டியிருந்தது. எருது அங்கே எருதன்று, வாரிக்காலன். வீட்டில் நெல் என்றும் எருது என்றும் கூசாது சொல்லும் அதே மனிதர், களவெட்டியின் எல்லைக்குள் கால்வைத்ததும் அச்சொற்களை உள்ளே பூட்டிவிட்டு வேறு சொற்களைத் திறந்துகொண்டனர். பூதங்கள் பொலியைக் கவர்ந்துவிடும் என்ற அச்சம் இவ்வழக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவாயினும் ஆகுக. ஒரே மனிதரிடத்தில் எல்லாச் சொற்களும் எப்போதும் இருக்கின்றன. இடமும் காலமுமே இன்னது பேசு, இன்னது பேசாதே என்று விதிக்கின்றன. உயிருள்ள ஒவ்வொரு கலத்தின் நடைமுறையும் இதுவே என்று விஞ்ஞானம் கண்டறிந்த விருத்தாந்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை எனக்குத் தெரியாது.

நெற்பயிரின் வேரிலுள்ள கலமும், இலையிலுள்ள கலமும், கதிரிலுள்ள கலமும் தம்முள் எத்துணை வேறுபட்டவையாயினும், அவை ஒவ்வொன்றின் கருவுக்குள்ளும் இருக்கும் டி.என்.ஏ. ஒன்றே. சர்வதேச விஞ்ஞானிகள் கூடி நெல்லின் டி.என்.ஏ. முழுவதையும் வாசித்து 2005 இல் வெளியிட்டபோது, அதில் ஏறத்தாழ 39 கோடி எழுத்துக்கள் இருப்பது தெரியவந்தது. தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியுமாக இரண்டு பிரதிகளைச் சேர்த்து நீட்டிப்பிடித்தால், ஒரு நெற்கலத்துக்குள் இருக்கும் இழையின் நீளம் ஒரு சாணுக்குச் சற்று மேலாகும். கண்ணுக்குத் தெரியாத கலத்தின், அதனினும் சிறிய கருவுக்குள் ஒரு சாண் இழை அடங்கவேண்டுமாயின், அதைச் சுற்றியும் மடித்தும் பொதிந்தும் வைத்தாலன்றி இயலாது. பொதிந்து வைத்ததை வாசிப்பது எங்ஙனம்? இக்கேள்வியே இங்கு கூறவந்த சரித்திரத்தின் மூலம்.

1869 இல் ஜேர்மனியின் டூபிங்கன் நகரத்துக் கோட்டையொன்றின் பழைய சமையலறையை ஆய்வுகூடமாகக் கொண்டு வேலைசெய்த பிரீட்ரிக் மீஷர் என்ற சுவிஸ் இளைஞர், வைத்தியசாலையில் கழித்தெறிந்த காயக்கட்டுத் துணிகளின் சீழிலிருந்து அதுவரை யாரும் அறியாத ஒரு பொருளை, இன்று டி.என்.ஏ. என்று நாம் அறிவதை, பிரித்தெடுத்தார். சீழிலிருந்து பிறந்தது இந்தச் சாஸ்திரம் என்பதை எண்ணும்போது, சேற்றிலிருந்து அது நெல்லுக்கு வந்துசேர்ந்தது ஆச்சரியமன்று. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகளில், கீல் நகரத்து வால்ற்றர் பிளெமிங், கலங்களுக்குச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தபோது, கருவுக்குள்ளிருந்த ஒருவகைப் பொருள் சாயத்தை ஆவலோடு பற்றிக்கொள்வதைக் கண்டு, அதற்கு நிறம் என்னும் பொருள்பட குரோமற்றின் என்று பெயரிட்டார். இலங்கையின் பாடநூல்களில் இது நிறப்பொருள் என்றும், அது திரண்டு உருவங்கொண்ட நிலை நிறமூர்த்தம் என்றும் வழங்கக் காண்கிறோம். மூர்த்தம் என்ற சொல்லைத் தெரிந்தெடுத்தவர் எவராயினும் அவருக்கு என் வணக்கம். பூசைக்கு எழுந்தருளியது போன்ற ஒரு தோற்றத்தை அச்சொல் மனத்தில் உண்டாக்கிவிடுகிறது.

சாயம் எல்லா இடத்திலும் ஒரேயளவில் ஏறவில்லை. 1928 இல் எமில் ஹைற்ஸ் என்பவர் பாசியினத் தாவரங்களின் கலங்களை ஆராய்ந்து, நிறப்பொருளின் சில பகுதிகள் எந்நேரமும் அடர்ந்து கறுத்துக் கிடப்பதையும், ஏனையவை கலம் பிரிந்து முடிந்ததும் தளர்ந்து வெளிறிப்போவதையும் கண்டு இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்தார். கறுத்து இறுகியவை பெரும்பாலும் பேசாதவை, தளர்ந்தவையே பேசுபவை என்ற கருத்து அங்கிருந்து மெல்ல வேரூன்றிற்று. ஆயினும் இறுக்கம் என்பது என்ன, தளர்ச்சி என்பது என்ன என்று கைப்பிடித்துக் காட்ட ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழியவேண்டியிருந்தது. 1974 இல் ரொஜர் கோன்பேர்க் அதைக் காட்டினார். ஹிஸ்ரோன் என்னும் புரதங்கள் எட்டுக் கூடி ஓர் உருளையாகின்றன, அவ்வுருளையை டி.என்.ஏ. இழை ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறையச் சுற்றிக்கொண்டு, அடுத்த உருளைக்குப் போகிறது. ஓர் உருளையில் சுற்றியிருப்பது ஏறத்தாழ 147 எழுத்துச் சோடிகள். அதே காலத்தில் ஒலின்ஸ் தம்பதியர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எடுத்த படங்களில் இது நூலில் கோத்த மணிமாலையாகவே தோன்றிற்று. மணியில் சுற்றிய எழுத்தை வாசிக்கவரும் புரதங்கள் அணுகுவது கடினம். மணிகள் விலகி, நூல் வெளித்தெரியும் இடத்திலேதான் அவை வந்து அமர இயலும்.

இனி, திறந்த இடமும் பேசும் இடமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை நிரூபிக்க உதவியது ஒரு கோழி. மனிதரின் செங்குருதிக்கலம் முதிர்ந்ததும் தன் கருவை இழந்துவிடும், கோழியினது இழப்பதில்லை. 1976 இல் ஹரல்ட் வைன்ற்றவுப், மார்க் குரூடின் என்னும் இருவர், கோழியின் குருதிக்கலக் கருக்களில், டி.என்.ஏ.யை நறுக்கும் ஒரு நொதியத்தைச் சிறிதளவு விட்டுப் பார்த்தார்கள். குருதிக்குச் செந்நிறம் தரும் புரதத்தை ஆக்கும் டி.என்.ஏ. பகுதி, அதாவது பரம்பரையலகு, விரைந்து நறுங்கிப்போயிற்று. முட்டை வெண்கருவின் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகோ அதே கருவுக்குள் பத்திரமாக இருந்தது. குருதியை ஆக்காத வேறு கலங்களில் அந்தச் செந்நிறப் பரம்பரையலகும் நொதியத்துக்கு எளிதில் அகப்படவில்லை. கத்தி ஒன்றே, அது புகுந்தது திறந்த வீட்டுக்குள் மட்டும். சில ஆண்டுகளுள் கார்ல் வூ என்பவர் பழ ஈக்களில் இதையே இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்து, வெப்பம் தாக்கும்போது பேசத்தொடங்கும் பரம்பரையலகுகளின் முற்றத்தில், நொதியம் மிக எளிதாக வெட்டும் சிறு சிறு இடைவெளிகள் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அவை வீட்டின் வாசல்கள்.

மட்டக்களப்பு நாட்டுக் கண்ணகை அம்மன் கோயில்களை அறிந்தவர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வராமற் போகாது. ஆண்டு முழுவதும் அடைத்திருக்கும் அக்கோயில்கள் பலவற்றின் கதவு வைகாசித் திங்களிலேதான் திறக்கும். கதவு திறத்தல் என்பதே அச்சடங்கின் பெயர். கதவு திறந்த நாள் முதல் குளிர்த்தி பாடி முடியும் நாள் வரை வழக்குரை ஏடு வாசிக்கப்படும், மடை வைக்கப்படும், ஊர் முழுவதும் அங்கே திரளும். பிறகு கதவு சாத்தப்படும். அம்மன் அங்கே இல்லாமற் போய்விடுவதில்லை; ஏடும் எரிந்துபோவதில்லை. திறக்கும் காலமும் திறப்பவரின் உரிமையும் விதிக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவே. இந்த உவமையை யான் மிகைப்படுத்த விரும்பவில்லை. கதவு திறந்திருந்தும் ஏடு வாசிக்கப்படாத நேரமுண்டு என்பதுபோல, நிறப்பொருள் திறந்திருந்தும் பரம்பரையலகு மௌனமாயிருக்கும் நிலைகளும் பல உண்டு. திறப்பு வாசிப்புக்கு வேண்டிய நிபந்தனையேயன்றி வாசிப்பே அன்று.

நெல்லின் கதவுகளை முதன்முதல் விரிவாகக் கணக்கெடுத்த ஆராய்ச்சி 2012 இல் வெளிவந்தது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஜிமிங் ஜியாங் குழுவினர், பழைய கோழி ஆராய்ச்சியின் நொதியத்தையே கையாண்டு, நெல் நாற்றிலும், போத்தலில் வளர்த்த நெற்கலங்களிலும் எவ்வெவ்விடங்கள் திறந்துள்ளன என்று வரைபடம் எழுதினர். அதற்கு அடுத்த ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஒரு புதிய உபாயத்தைக் கொண்டுவந்தனர். பற்றீரியாவிடமிருந்து பெற்ற ஒரு நொதியம், திறந்த இடத்தில் வெட்டுவதோடு நில்லாது, வெட்டிய இடத்தில் தன் அடையாளச் சீட்டையும் ஒட்டிவிட்டுச் செல்கிறது. பிறகு சீட்டு ஒட்டிய துண்டுகளை மட்டும் திரட்டி வாசித்தால் திறந்த கதவுகளின் பட்டியல் கைக்கு வந்துவிடும். முன்னே கோடிக்கணக்கான கலங்கள் வேண்டியிருந்த இக்கணக்கெடுப்பு, சில ஆயிரம் கலங்களிலேயே ஒரு நாளுக்குள் முடியலாயிற்று. ஊர்க் குடிசன மதிப்புக்கு வரும் உத்தியோகத்தர் திறந்திருந்த வீட்டுக் கதவிலெல்லாம் சுண்ணக்கட்டியால் இலக்கமிட்டுப் போவதை நினைத்துக்கொள்ளலாம்.

இந்த உபாயத்தைக் கொண்டே வெள்ளத்தின் கதை ஆராயப்பட்டது. 2019 இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில், கலிபோர்னியாவின் ஜூலியா பெய்லி-செரஸ் முதலியோர், நெல், ஒருவகைத் தீவனப் பயறு, தோட்டத் தக்காளி, வரண்ட நிலத்துக் காட்டுத் தக்காளி ஆகிய நான்கினையும் நீரில் அமிழ்த்தி, அவற்றின் வேர்முனைக் கலங்களில் எந்தக் கதவுகள் திறந்துள்ளன, எந்தப் பரம்பரையலகுகள் பேசுகின்றன என்று பார்த்தார்கள். நான்கிலும் பொதுவாக வெள்ளத்தில் விழித்தெழும் பரம்பரையலகுக் குடும்பங்கள் 68 என்று கண்டனர். அவற்றின் வாசல்களில் நான்கு வகையான எழுத்துக் குறிகள் மீண்டும் மீண்டும் வருவதையும் கண்டனர். சதுப்பில் வாழப் பழகிய நெல்லில் இந்த ஏற்பாடு செழித்திருக்க, வரண்ட நிலத்துத் தாவரத்தில் அது தேய்ந்து காணப்பட்டது. சித்தாண்டி வெளியில் மழைநீர் ஏறிய முதல் ஓரிரு மணிநேரத்துக்குள், மேலே நின்று பார்ப்பவருக்கு ஒரு மாற்றமும் தெரியாதபோதே, சேற்றுக்கடியில் வேர்முனையில் இக்கதவுகள் வேலைதொடங்கிவிடுகின்றன.

நீருக்குள் பயிர் மாள்வது ஏன் என்பதும் சற்றுச் சொல்லத்தக்கது. வாயுக்கள் காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. ஆதலால் ஒட்சிசன் உள்ளே வருவதில்லை, பயிருக்குள் இயல்பாக உண்டாகும் எதிலீன் என்னும் வாயு வெளியே போவதுமில்லை. கலங்கிய நீரினூடே வெயிலும் இறங்காது. தேங்கிய எதிலீனையே பயிர் வெள்ளத்தின் செய்தியாக அறிந்துகொள்கிறது. அறிந்தபின் அது செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, சேமித்த மாப்பொருள் முழுவதையும் செலவிட்டு விரைந்து நீண்டு, நீர்மட்டத்துக்கு மேலே தலையை நீட்டுவது. மாதக்கணக்கில் ஆழ்நீர் நிற்கும் வங்காளம், தாய்லாந்து முதலிய நாடுகளின் ஆழ்நீர் நெல்கள் ஒரு நாளில் 20 சென்ரிமீற்றருக்கும் மேலாக வளர்ந்து இவ்வழியிலேயே பிழைக்கின்றன. மற்றது, வளர்ச்சியை நிறுத்தி, மாப்பொருளைப் பத்திரப்படுத்தி, வெள்ளம் வடியும்வரை மூச்சடக்கிக் கிடப்பது. பத்துப் பன்னிரண்டு நாளில் வடியும் வெள்ளத்தில், நீளப் புறப்பட்ட நெல் கையிருப்பு முழுவதையும் இழந்து, நீர் வடிந்த நாளில் நிற்கச் சக்தியற்றுச் சாய்கிறது. கிடந்த நெல் எழுகிறது. முதியவர் என்னிடம் சொன்னதில் இதற்கு மேல் ஒன்றுமில்லை, இதற்குக் குறைந்தும் ஒன்றுமில்லை.

மூச்சடக்கும் வித்தையை நெல்லுக்கு அளிக்கும் பரம்பரையலகின் பெயர் சப்-1ஏ. அது ஆக்கும் புரதம், ஏனைய பரம்பரையலகுகளின் வாசலில் நின்று சிலவற்றைப் பேசவும் சிலவற்றை வாய்மூடவும் செய்யும் வாயிற்காவலர் வகையைச் சேர்ந்தது. பயிரை நீளச்செய்யும் ஜிபரலின் என்னும் ஓமோனின் குரலை அது அடக்கிவிடுகிறது. இது ஒன்பதாவது நிறமூர்த்தத்தில் இருப்பதை 1996 இல் டேவிட் மக்கில், கெனொங் சூ ஆகியோர் கண்டறிந்தனர். பத்தாண்டுகளின் பின், 2006 இல், பமீலா ரொனால்ட் உள்ளிட்ட குழுவினருடன் அதையே பிரித்தெடுத்துக் காட்டினர். அதற்கு மூலமாக நின்றது ஒடிசாவின் தாழ்நிலங்களில் விளைந்த நாட்டு நெல்லிலிருந்து தெரிந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்னும் இனம். அந்த ஒரு பரம்பரையலகைச் சுவர்ணா என்ற பெயர்பெற்ற நெல்லுக்குள் கலப்பினால் ஏற்றி உண்டாக்கிய சுவர்ணா-சப்1, 2009 இல் இந்திய உழவர்களுக்கு வழங்கப்பட்டது. இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கியும் அது மீள்கிறது.

ஒடிசா நெல்லின் புகழை எல்லாரும் பேசுகின்றனர். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான நெல்களை நீரில் அமிழ்த்திப் பரீட்சித்தபோது, ஒடிசா நெல்லோடு சேர்ந்து உயிர்பிழைத்தவையாகத் தேறிய மிகச் சிலவற்றுள் மூன்று இலங்கையிலிருந்து போனவை என்பதை நம்மவர் பேசுவதில்லை. ஒன்று கொட ஹீனட்டி, ஒன்று தவலு, மற்றது ஆங்கில எழுத்தில் 'குர்கருப்பன்' என்று பதியப்பட்டிருப்பது. முதலிரண்டையும் விட்டுவிடுவோம். கறுப்பன் என்று முடியும் பெயரை ஒரு நெல்லுக்கு வைத்தவர் தமிழ் பேசியவர் என்பதற்குச் சாட்சி வேண்டுவதில்லை. மொட்டைக்கறுப்பனை அறியாத யாழ்ப்பாணத்தவர் உண்டா? எங்கோ ஒரு தமிழ் உழவர், எங்கோ ஒரு பள்ளக்காணியில், வெள்ளம் வடிந்தபின் குருத்தை இழுத்துப் பார்த்து, நின்றதை மட்டும் விதைக்கு வைத்து, மகனுக்குக் கொடுத்து, அவன் தன் மகனுக்குக் கொடுத்து வந்த நெல் அது. இன்று அது உலக ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இடம்பெறுகிறது. பதிவேட்டில் ஏறும்போது நடு எழுத்துக்கள் சிதைந்துபோய், குறுங்கறுப்பனா குருக்கறுப்பனா என்று நாம் தடுமாறும்படி ஆயிற்று. இலங்கை விஞ்ஞானி தர்மவன்ச சேனாதீர, அதே நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வெள்ள நிலத்துக்கும் உவர் நிலத்துக்கும் ஏற்ற நெல்களை ஆக்குவதில் ஈடுபட்டிருந்து, 1998 இல் வங்காளதேசத்தில் வீதி விபத்தொன்றில் உயிர்நீத்தார் என்பதையும் நம்மிற் பலர் அறியார்.

பழைய நெல்கள் சித்தாண்டி வெளியிலிருந்து போனதற்கு எவரையும் குறைகூறுவது நியாயமன்று. 1950களின் பிற்பகுதியில் வந்த எச்-4 என்னும் நெல், நம் நாட்டு முருங்கைக்காயனையும் இந்தோனேசியாவின் மாஸ் என்னும் நெல்லையும் கலந்து உண்டாக்கியது. பழையவற்றைக் காட்டிலும் கணிசமாக அதிகம் விளைந்தது. அதன்பின் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தின் பிஜி வரிசை நெல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓர் ஏக்கருக்கு எத்தனை மூடை என்று கணக்கிடவேண்டிய குடும்பம், பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெருவெள்ளத்தை எண்ணிக் குறைந்த விளைவை ஏற்றுக்கொண்டிருக்க முடியாது. அன்றியும், பழைய நெல் எல்லா வெள்ளத்தையும் வென்றுவிடும் என்று நினைப்பதும் தவறு. சப்-1ஏயின் வித்தை இளம்பயிரிலேதான் செல்லும். 2011 ஜனவரி வெள்ளம் வந்தபோது வயல்கள் குடலையிலும் கதிரிலும் நின்றன. பூக்கும் பயிர் நீரில் மூழ்கினால் எந்தக் கதவைத் திறந்தும் எந்தக் கறுப்பனாலும் காப்பாற்ற இயலாது. கார்த்திகை மழையில் மூழ்கும் ஒரு மாதப் பயிருக்கே அந்த வித்தை உரியது. சித்தாண்டியில் மறுவிதைப்புக்காகச் செலவழியும் விதைநெல்லும் பணமும் பெரும்பாலும் அந்தக் கார்த்திகைக் கணக்கில்தான் சேரும் என்பதால், அவ்வளவேனும் சிறிய காரியமன்று.

சித்தாண்டிக்கு மிக அண்மையில், வந்தாறுமூலையில், 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே விவசாயம் கற்கும் மாணவர்கள் தங்கள் விரிவுரை மண்டபத்திலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்திலே, ஆண்டுதோறும் இயற்கையே நடத்திக்காட்டும் ஒரு பரிசோதனை நிகழ்கிறது. மூழ்கிய வரவையில் எந்த நாற்று நின்றது, எந்த நாற்று கழன்றது என்று முதியவர்கள் விரலால் பார்த்து வைத்திருக்கும் கணக்கை எழுத்தில் இறக்குவதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். கொப்பி ஒன்று போதும்.

சித்தாண்டியிலோ அயலூர்களிலோ, வீட்டு மூலையில் ஒரு சிறு மூடையாகவோ, சாமிக்குப் புதிர் எடுக்கவென்று ஒரு பாத்தியில் மட்டும் விதைத்து வருவதாகவோ, பழைய நெல் எதையாவது வைத்திருப்பவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், அவர்களிடம் ஒரு விண்ணப்பம். அதைக் குற்றிச் சோறாக்கித் தீர்த்துவிடாதீர்கள். ஒரு கொத்து நெல்லைக் காயவைத்து, கன்னொறுவையிலுள்ள தாவரப் பரம்பரைவள நிலையத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு துண்டுக் கடதாசியில், அது எந்த வட்டையில் விளைந்தது, எத்தனை நாள் வெள்ளத்தைத் தாங்கியது என்று எழுதுங்கள். பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள்.